யார் மனசும் கோணாமல்

எங்கள் ஊர் ரோட்டில் மூன்று வளைவுகள் இருக்கின்றன. படப்பைப் பக்கம் வந்தால் நீங்களே பார்க்கலாம். குன்று கிடையாது, ஓடை கிடையாது, சுடுகாடுகூட அந்தப் பக்கம் இல்லை. தட்டையான நிலத்தில் ரோடு மட்டும் குடித்தவன் மாதிரி போகும். அதைப் போட்டது நான்தான். ஆனால் தப்பு என்னுடையது இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பல்லே கொட்டிவிட்டது, கேட்கத்தான் ஆளில்லை.

அப்போது நான் மண் கொட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. (பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. மற்றவர்கள் கூடை தூக்குவார்கள், நான் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நிற்பேன்.) எங்கள் ஓவர்சியர் எதைக் காட்டுவதானாலும் குடையால்தான் காட்டுவார், கொளுத்துகிற வெயிலிலும் அதை விரிக்க மாட்டார். அவர் ஊர் முனையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் கயிறு பிடித்து, நேராக முளைக்குச்சி நட்டு, ஒவ்வொன்றிலும் தாரால் நம்பர் எழுதினார். பிறகு தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். சைக்கிளில் ஏறும்போது சொன்னார்:

"ஏகாம்பரம், ஒருத்தன் மனு எழுதிப் போட்டாலும் வேல நின்னுடும். யார் மனசும் கோணாம பாத்துக்கோ."

நான் பள்ளிக்கூடம் போகாதவன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன்.

மறுநாள் காலையில் பொன்னுசாமி மாமா வந்தார். அவர் பெண் சரோஜாவை எனக்குக் கொடுப்பதாக வாய்வார்த்தை ஆகியிருந்தது. தை மாதம் தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

"இன்னா ஏகாம்பரம், குச்சி என் வரப்பத் தாண்டி நாலடி உள்ள கீது. பொண்ணு குடுக்கற வூட்டு நெலத்துலயே கை வைக்கிறியா?"

நாலடிக்காக சரோஜாவை விட முடியுமா? பிடுங்கி எதிர்ப்பக்கம் நட்டேன். மாமா மனசு கோணவில்லை. வீட்டிலிருந்து மோர் வந்தது. (சொம்பைக் கொண்டுவந்தது சரோஜா. அதற்கே நான் இன்னும் நாலு குச்சி பிடுங்கியிருப்பேன்.)

எதிர்ப்பக்கம் கன்னியப்பண்ணன் நிலம். மத்தியானமே வந்துவிட்டார்.

"உன் மாமனார் வூட்டுக் குச்சி ஏம்பா என் நாத்தங்கால்ல வந்து குந்திகினு கீது?"

"கோச்சுக்காதண்ணா. அடுத்த குச்சிலருந்து உன் நெலத்த வுட்டே திருப்பிடறேன்."

திருப்பினேன். திருப்பிய இடத்தில் தேவசகாயம் வாத்தியாரின் மாங்கன்று இருந்தது. அவருக்காக இன்னொரு திருப்பு. பிடுங்கிய குச்சிகளை, நம்பர் எனக்கு எங்கே தெரியும், கைக்கு வந்தபடி நட்டேன். பத்தே நாளில் மண் கொட்டி முடித்தோம். ஒரு மனு இல்லை, ஒரு சண்டை இல்லை. ஊரே என்னைத் தங்கமான பையன் என்றது.

ஓவர்சியர் திரும்பி வந்தபோது கூடவே இன்ஜினியரும் ஜீப்பில் வந்தார். ஜீப் முதல் வளைவிலேயே நின்றுவிட்டது. இன்ஜினியர் இறங்கி அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

"இன்னாய்யா இது, பாம்பு போன தடத்துல மண்ண கொட்டி வச்சிருக்கீங்களா?"

ஓவர்சியர் குனிந்து குச்சிகளைப் பார்த்தார். ஒன்பதாம் நம்பருக்கு அப்புறம் நாலாம் நம்பர் நின்றுகொண்டிருந்தது. குடை என் மூக்குக்கு நேராக வந்தது.

"மனசு கோணக்கூடாதுன்னு சொன்னேன். ரோடு கோணலாம்னு எப்படா சொன்னேன்?"

ஊர் ஜனம் எனக்காகப் பேசும் என்று திரும்பிப் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. மோர் கொடுத்த ஊர்தானே என்று நினைத்தேன். அந்த ஒட்டுறவுகூட இல்லை.

"எங்களுக்கு ஒன்னும் தெரியாது சார்," என்றார் கன்னியப்பண்ணன். "தம்பியே நட்டுச்சு, தம்பியே புடுங்குச்சு."

வாத்தியார் மாங்கன்றைப் பார்த்தபடி நின்றார். மாமா என்னைத் தெரிந்தவராகவே காட்டிக்கொள்ளவில்லை.

இன்ஜினியர் யோசித்தார். கொட்டிய மண்ணை எல்லாம் வார முடியாது, மற்ற வளைவுகள் கிடக்கட்டும், ரொம்ப மோசமான வளைவை மட்டும் இரண்டு முனைக்கும் நேராகச் சேருங்கள் என்றார். ஓவர்சியர் கயிறு பிடித்தார். கயிறு பொன்னுசாமி மாமா நிலத்துக்குள் நுழைந்து, வரப்பில் இல்லை, நட்டநடுவில் போய், அந்தப் பக்கம் புதிதாக ஒரு வளைவோடு வெளியே வந்தது.

"நாலடியோட போயிருக்கும்," என்றார் மாமா. "நெலத்தையே ரெண்டாக்கிட்டியேடா. உனக்குப் பொண்ணும் கெடையாது, மண்ணும் கெடையாது."

"நீங்க சொல்லித்தான மாமா..."

"எவன்டா மாமா?"

தை மாதம் சரோஜாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை யார் தெரியுமா? மேற்கொண்டு ஒரு அடி நிலம்கூடப் போகாமல் நான் காப்பாற்றிக் கொடுத்தேனே, அந்தக் கன்னியப்பண்ணன் மகன். பெண் ஏறிய மாட்டுவண்டி நான் மண் கொட்டிய ரோட்டில்தான் போனது. ஒரு குலுங்கல் இல்லை என்று எல்லோரும் பாராட்டினார்கள். ரோட்டை.

பிறகு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் எனக்குப் பெண் எடுத்தார்கள். முதல் முறை பஸ்ஸில் ஊருக்கு வந்தபோது, வளைவில் என் மேல் வந்து சாய்ந்தவள், இங்கே ஏன் இப்படி வளைகிறது என்று கேட்டாள். புத்தி கெட்டுப்போய் உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால், "நல்லா புடிச்சிக்கோங்க, உங்க மாமனார் நெலம் வருது" என்பாள். பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். இப்போது பேத்தி கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறாள். அந்த வளைவுக்கு அவள் வைத்த பெயர் 'தாத்தா கல்யாணம் நின்ன ஸ்டாப்பிங்'. பஸ் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்களாம்.

போன வாரம் கோபம் தாங்காமல் என் மனைவியிடம் சொன்னேன்: "அந்தக் கல்யாணம் நின்னது நல்லதுக்குத்தான்."

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"யாருக்கு?" என்றாள்.