எலி எழுபத்தேழும் அம்மாவின் வரைபடமும்

"முந்நூற்றொன்று," என்றார் நரசிம்மன் அண்ணா.

தராசைத் தட்டிப் பார்த்தார். எலியைத் தூக்கிவிட்டு வெறுந்தராசைப் பார்த்தார். எலியைத் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வரதராஜா, வெள்ளிக்கிழமை இது இருநூத்தி நாப்பது கிராம். மூணே நாள்ல அறுபத்தொண்ணு கூடியிருக்கு. என்னப்பா பண்ணினே?"

"நான் ஒண்டும் செய்யேல்லை. அம்மாதான்."

"அம்மாவா? அம்மா கோர்ஸ்ல இல்லையே!"

அதுதான் பிரச்சினை. அதைச் சொல்வதற்கு முன் கோர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடத்தின் பெயர் 'நடத்தையின் உயிரியல்: ஓர் அறிமுகம்'. மருத்துவத்துக்கு எனக்குப் புள்ளி போதவில்லை. முதல் வருடத்தில் நல்ல புள்ளி எடுத்தால் இரண்டாம் வருடம் மருத்துவத்துக்கு மாறலாம் என்று அப்பா எங்கேயோ வாசித்திருந்தார். ஆகவே வீட்டுக்கு வருகிறவர்களிடம் பாடத்தின் பெயரை 'பயோலொஜி' என்று மட்டும் சொல்வார். நடத்தை என்ற சொல் வந்தால், மகனுக்கு நடத்தையில் ஏதோ பிழை என்று சனம் நினைக்குமாம்.

முதல் விரிவுரையில் பேராசிரியர் பெல்லிங்ஹாம் ஒரு பெரிய உண்மையைச் சொன்னார். எந்த விலங்கும் தானாக யோசித்து எதையும் செய்வதில்லை. கிடைக்கப்போகிற தீனிக்காகவே செய்கிறது. மணி அடித்தால் நாய்க்கு வாயூறுவதும், நெம்புகோலை அழுத்தினால் உருண்டை விழும் என்று எலி கற்பதும் அப்படித்தான். இதைக் கேட்டு இருநூற்றுப் பத்து மாணவர்களும் ஒன்றாகக் குனிந்து எழுதினோம். பரீட்சையில் வரும் என்று அவர் சொல்லியிருந்தார்.

செய்முறைக்கு ஆளுக்கொரு வெள்ளை எலி தந்தார்கள். எனக்குக் கிடைத்தது எழுபத்தேழாம் இலக்கம். எலி பசியோடு இருந்தால்தான் நெம்புகோலை அழுத்தும். ஆகவே அதன் எடை இருநூற்று நாற்பது கிராமுக்குக் கூடக்கூடாது. ஐந்து கிழமையாக எழுபத்தேழு பட்டினி கிடந்தது. நெம்புகோலை ஒருதரமும் தொடவில்லை. மூலையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டும் அப்படித்தான், எண்பதும் அப்படித்தான். செய்முறைக்கு நூற்றுக்கு நாற்பது புள்ளி. எலி கற்காவிட்டால் நான் பெயில்.

நரசிம்மன் அண்ணா எங்கள் செய்முறை ஆசிரியர். மதராஸிலிருந்து டாக்டர் பட்டம் எடுக்க வந்தவர். அகலக் காற்சட்டை, காதுக்குக் கீழே இறங்கிய கிருதா, கழுத்தில் மரமணி மாலை. அந்த வருடம், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்தில், பல்கலைக்கழகத்தில் எல்லோரும் எதையாவது எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் சகல அதிகாரத்தையும் எதிர்த்தார், பேராசிரியர் பெல்லிங்ஹாமுடையதைத் தவிர. அவருடைய ஆய்வேட்டில் பேராசிரியர் இன்னும் கையெழுத்திடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விலங்குக் கூடத்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உடனே நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: மறு அறிவித்தல் வரை ஒவ்வொரு மாணவரும் தத்தம் எலியைத் தத்தம் இல்லத்துக்கு எடுத்துச் சென்று, நாளொன்றுக்கு எட்டுக் கிராம் உணவு மட்டும் வழங்கி, பட்டினி நிலையைச் செவ்வனே பேணுதல் வேண்டும். எலிக்கென்று படிவம் இருக்கவில்லை. ஆகவே நூலகத்தில் புத்தகம் இரவல் எடுக்கிற படிவத்தில் 'நூல்' என்பதை வெட்டி 'எலி' என்று எழுதியிருந்தார்கள். அட்டைக்கட்டு தளர்ந்திருக்கிறதா? இல்லை. பக்கங்கள் கிழிந்துள்ளனவா? இல்லை. ஓரங்களில் யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லை என்று எழுதி மூன்று பிரதியில் கையெழுத்திட்டு, கூட்டோடு வீட்டுக்குக் கிளென் வேவர்லி ரயில் ஏறினேன்.

அம்மா குசினியில் விளக்கேற்ற ஆயத்தமாக நின்றா.

"உது என்னடா உது?"

"எலி. பாடத்துக்கு. பட்டினி போடவேணும்."

அம்மா கூட்டைப் பார்த்தா. பிறகு குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்த பிள்ளையார் படத்தைப் பார்த்தா.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா பிள்ளையாரின்ரை வாகனத்தைப் பட்டினி போடச் சொன்னது ஆர்?"

"பல்கலைக்கழகம்."

"ஏன், அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தாய் தகப்பன் இல்லையே?"

அப்பா பேப்பரை இறக்கினார். அவர் மெல்பேர்ண் நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களைத் தாளில் வரைகிற வேலை செய்கிறவர். எதிலும் திருத்தம் பார்ப்பார்.

"இஞ்சாரும், வாகனம் மூஞ்சூறு. இது எலி. அதுவும் வெள்ளை எலி."

"வெள்ளைக்காரன்ரை நாட்டிலை வாகனம் பின்னை என்ன நிறத்திலை இருக்கும்?"

அப்பா என் படிவத்துக்குக் கை நீட்டினார். படிவத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, "எட்டுக் கிராம். அதுக்கு மேலை ஒரு பருக்கையும் இல்லை. கையெழுத்து வைச்சிருக்கிறான்," என்று தீர்ப்புச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் எழுபத்தேழு தன் தண்ணீர்ப் போத்தலைப் பல்லால் தட்டியது. டக் டக். அம்மா விளக்கு வேலையை முடித்துக்கொண்டு, ஒரு வாழைப்பழத் துண்டோடு வந்தா. நான் கோர்ஸுக்கு வாங்கிய நிறுத்தற் கடிகாரத்தைப் பழக்கதோஷத்தில் அமத்தியிருந்தேன். தட்டியதிலிருந்து மூன்று நிமிடம் பத்து விநாடி.

சனி காலை டக் டக். அம்மா புட்டோடு வந்தா. ஐம்பது விநாடி.

சனி பின்னேரம் இருபத்தாறு விநாடி.

ஞாயிறு காலை பதினொரு விநாடி. அடுப்பில் சோறு கருகியது.

ஞாயிறு மத்தியானம் அம்மாவின் சிநேகிதி சத்தியபாமா அன்ரி கேள்விப்பட்டு, உளுந்து வடையோடு வந்து கூட்டுக்கு முன்னால் கைகூப்பினா. எழுபத்தேழு வடையைச் சுற்றிவரத் தின்று நடுவில் இருந்த ஓட்டையை மட்டும் விட்டது. அவ போன பிறகு நான் குசினிக்குள் போனேன். அப்பா தனியாக நின்று மாரி பிஸ்கட்டைக் கூட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்பா! எட்டுக் கிராம்!"

"அது உணவுக்கடா. பிஸ்கட் உணவில்லை. அது தேத்தண்ணியோடை வாற சாமான்."

ஞாயிறு பின்னேரம், டக் என்று ஒருதரம்தான். அம்மா வந்துவிட்டா. நான்கு விநாடி.

எல்லாவற்றையும் வரைபடத் தாளில் குறித்தேன். கோடு மேலேயிருந்து அழகாக வளைந்து இறங்கியது. பாடப்புத்தகத்தில்கூட இப்படியொரு கற்றல் வளைவு இல்லை. உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று செய்முறைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போட்டிருந்தபடியால், கீழே உண்மையை எழுதினேன். பரிசோதிப்பவர்: எலி 77. பரிசோதிக்கப்படுபவர்: அம்மா.

அதைத்தான் திங்கட்கிழமை நரசிம்மன் அண்ணாவிடம் கொடுத்தேன்.

"பிரமாதம்!" என்றார். பிறகு கீழே வாசித்தார். மரமணியைத் தடவினார். "தம்பி, இது... மேல போகணும்."

மேலே என்றால் மூன்றாம் மாடி. புதன்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். அதுவரை எலி என்னுடனேயே இருக்க வேண்டும். வேலைநிறுத்தம் முடிந்திருந்தும், நிறை கூடிய விலங்கை விலங்குக் கூடம் ஏற்காது. நிறையைக் குறைப்பதென்றால் விலங்குக் கூடத்தில் வைத்துத்தான் குறைக்கலாம்.

புதன் காலை அப்பா, "என்ன கடுதாசி தந்தாலும் பேசாமல் கையெழுத்தை வை. வைச்சால் பாஸ்," என்றார். அம்மா, எலிக்கு வழியில் பசிக்கும் என்று சின்னத் தகரப் பேணியில் புட்டுக் கட்டித் தந்தா.

மாடியில் பேராசிரியர் இருந்தார். பக்கத்தில் நிர்வாக அதிகாரி மிஸிஸ் ஹார்டிகன் ஒரு தடித்த விதிப் புத்தகத்தோடு இருந்தா. நரசிம்மன் அண்ணா நின்றார். எலிக்கூட்டை மேசையில் வைத்தேன்.

"பரிசோதித்தவர் யார்?" என்று மிஸிஸ் ஹார்டிகன் கேட்டா.

"எலி."

"பரிசோதிப்பவர் பதிவு செய்த மாணவராக இருக்க வேண்டும். எலி பதிவு செய்ததா?"

"எழுபத்தேழாம் இலக்கம்."

புத்தகத்தைப் புரட்டினா. "அது தளபாடப் பதிவேட்டு இலக்கம். எழுபத்தாறு கோப்பு அலுமாரி. தளபாடம் பரிசோதனை நடத்த விதியில் இடமில்லை. சரி, உன் தாய் எழுத்தில் சம்மதித்தாரா?"

"அவவுக்கு இப்படி ஒரு பரிசோதனை நடந்ததே தெரியாது."

"தெரிந்திருந்தால் நடத்தை மாறியிருக்கும்," என்றார் பேராசிரியர் கவலையோடு. "அது விஞ்ஞானம் ஆகாது."

"தெரியாவிட்டால் சம்மதம் ஆகாது," என்றா மிஸிஸ் ஹார்டிகன். "ஆகவே இப்படியொரு பரிசோதனை நடக்கவில்லை."

"நடக்கத்தான் இல்லை," என்றார் பேராசிரியர், வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. "ஆனால் மிக நன்றாக வந்திருக்கிறது. இந்த வருடம் இருநூற்றுப் பத்து எலியில் ஒன்றுகூடக் கற்கவில்லை. அடுத்த மாதம் எங்களைப் பார்வையிட ஒரு குழு வருகிறது."

பிறகு மூவரும் ஒன்றாகத் தெளிந்தார்கள். 'அம்மா' என்பதை வெட்டி 'எலி 77' என்று எழுதினால் போதும். கற்றது எலி, அழுத்தியது நெம்புகோல். எனக்கு நாற்பதுக்கு நாற்பது. ஒரேயொரு சிக்கல், எலி 77 இருநூற்று நாற்பது கிராம் இருக்க வேண்டும். முந்நூற்றொரு கிராமில் ஒரு எலி உயிரோடு இருந்தால் யாராவது நிறுத்துப் பார்ப்பார்கள். ஆகவே அது 'பாவனையிலிருந்து அகற்றப்படல்' வேண்டும். ஆறாம் அறையில் குளோரோபோம் இருக்கிறது. உரிமையாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட வேண்டும். படிவம் ஆயத்தமாக இருந்தது. 'அலுமாரி' என்பதை வெட்டி 'எலி' என்று எழுதியிருந்தார்கள்.

நரசிம்மன் அண்ணா என் காதருகே குனிந்தார். "போட்டுடு தம்பி. எலி மாசத்துக்கு ஆயிரம் பொறக்குது. நாற்பது மார்க் பொறக்காது."

"உங்கடை ஆய்வேடு என்ன மாதிரி, அண்ணா?"

"இந்த வாரம் கையெழுத்துப் போடறேன்னிருக்கார்," என்றார், என்னைப் பார்க்காமல்.

அப்போது வெளியே மணி அடித்தது. மூன்றரைத் தேநீர் வண்டி.

பேராசிரியர் வசனத்தின் நடுவில் எழும்பினார். மிஸிஸ் ஹார்டிகன் விதிப் புத்தகத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழும்பினா. நரசிம்மன் அண்ணா அவர்களுக்கு முதலே கதவடியில் நின்றார். நடைவழி முழுக்கக் கதவுகள் திறந்தன. பதினொரு டாக்டர் பட்டங்கள் மணிச் சத்தத்தை நோக்கி நடந்து போயின.

மிஸிஸ் ஹார்டிகன் திரும்பிப் பார்த்தா. "நாங்கள் வருவதற்குள் திருத்தத்தைச் செய்து, கையெழுத்திட்டு, கூட்டை ஆறாம் அறையில் வைத்துவிடு. பேனாவை மூடி வை. மை காய்ந்துவிடும்."

அறையில் நானும் எழுபத்தேழும். அது புட்டு நிறைந்த வயிற்றோடு மல்லாந்து கிடந்தது. மணி அடித்ததற்குக் காதைக்கூட அசைக்கவில்லை. அந்த மாடியில் மணிக்கு எழும்பாத உயிர் அது ஒன்றுதான்.

ஒன்றுதான் என்பதைக் கவனமாகவே எழுதுகிறேன். என்னைக் குனிந்து பார்த்தபோது நான் கதிரையில் இல்லை. கதவடியில் நின்றேன். வாய் ஊறியிருந்தது. அந்த வண்டியில் மாணவர்களுக்கு ஒருநாளும் தேநீர் தந்ததில்லை.

திரும்பி மேசைக்கு வந்தேன். வரைபடத்தில் 'அம்மா' என்று என் கையெழுத்தில் இருந்தது. படிவத்தில் புள்ளிக்கோடு வெறுமையாக இருந்தது. இரண்டையும் அப்படியே விட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூட்டைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தேன்.

பேனாவை மட்டும் மூடி வைத்தேன்.