சவுரிராயன் தயாராகிறார்

ஆயத்தப் பிறவி என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், இருக்காது. திண்டிவனம் ரயில் நிலையத்துக்குப் போங்கள். ஆறு மணி வண்டிக்கு நாலரைக்கே வந்து, பெஞ்சைத் துண்டால் தட்டி, பையின் ஜிப்பை மூன்று முறை இழுத்துப் பார்த்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிப் பார்த்து, வண்டி எந்தத் தண்டவாளத்தில் வரும் என்று நான்கு பேரிடம் விசாரித்து, வண்டி வந்து நின்றதும் "ஒரு நிமிஷம், ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்புகிறாரே, அவர்தான்.

குடை வாங்கினால் குடைக்கு உறை வாங்குவார். உறை நனைந்துவிடக் கூடாதே என்று மழைக்காலம் முடியும்வரை குடையை வெளியே எடுக்க மாட்டார். துக்க வீட்டுக்குக் கிளம்பும்முன் கண்ணாடி முன் நின்று முகத்தைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். டாக்டரிடம் போவதற்கு முன்னால் நோயைப் பற்றிப் படித்துக்கொண்டு போவார். டாக்டர் வேறு நோயைச் சொன்னால், அதற்குப் படித்து வரவில்லை என்பதால் வைத்தியம் செய்துகொள்ளாமல் திரும்பிவிடுவார். இவரால் யாருக்காவது கெடுதல் உண்டா? கிடையாது. இவரால் ஏதாவது நடந்ததுண்டா? அதுவும் கிடையாது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரி சவுரிராயன். திண்டிவனத்தில் குடியிருப்பவர், நாற்பத்து நான்கு வயது, விழுப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சர்க்கரை ஆலையில் எடைமேடைக் குமாஸ்தா. கரும்பு லாரி வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவருக்கு உலகம் சுற்றும் ஆசை வந்துவிட்டது. 2011இல் ஒரு வலைப்பூ தொடங்கினார். காலால் நடந்து உலகைப் பார்ப்பது என்ற பொருளில் அதற்குக் 'கால்நடைப் பயணம்' என்று பெயர் வைத்தார். ஊர் அதை அந்தப் பொருளில் வாசிக்கவில்லை. "ஐயா, எங்கள் ஜெர்சிப் பசு மூன்று நாளாகத் தீவனம் எடுக்கவில்லை, என்ன செய்யலாம்?" என்று காணையிலிருந்தும் செஞ்சியிலிருந்தும் பின்னூட்டங்கள் வந்தன. "இது பயண வலைப்பூ. ஆயினும் தங்கள் பசு நலம்பெற வேண்டுகிறேன்" என்று அவரும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். மூன்று வருடத்தில் பின்தொடர்வோர் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் மாடு இல்லாதவர்கள் ஒன்பது பேர்.

பதிவுகள் மொத்தம் அறுபத்தொன்று. அதில் ஐம்பத்தெட்டின் தலைப்பு 'போகும் முன்' என்று முடியும். 'ஊட்டிக்குப் போகும் முன்' மட்டும் நான்கு பாகம். ஊட்டிக்குப் போனாரா? கம்பளிக் குல்லாய் வாங்குவதுவரை போனார். மிச்சமிருந்த மூன்றில் ஒன்று வேளாங்கண்ணி, ஒன்று மண்டகப்பட்டுக் குகைக்கோயில், ஒன்று நீண்ட நாளாக எழுதாததற்கு மன்னிப்பு.

இதில் அடிபட்டவள் அவர் மனைவி ஜெயம். பள்ளிச் சத்துணவில் எண்பத்து மூன்று பிள்ளைகளுக்குத் தினமும் சமைத்துவிட்டு வந்து வீட்டிலும் சமைக்கிறவள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஏதாவது ஓர் ஊரில் இரண்டு ராத்திரி தங்க வேண்டும், அடுப்பு அவள் கண்ணில் படக் கூடாது. வேளாங்கண்ணி அதில் சேராது. அங்கேயும் அவள்தான் ஸ்டவ் பற்றவைத்தாள்.

2014 ஜனவரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சென்னை நந்தம்பாக்கத்தில் சுற்றுலாத் தொழில் கண்காட்சி. நாட்டு நாட்டுச் சுற்றுலாத் துறைகள், ஓட்டல்கள், விமானக் கம்பெனிகள் எல்லாம் கடை போடும். வலைப்பதிவர்கள் பதிவு செய்துகொண்டால் உள்ளே வரலாம். சவுரிராயன் பதிவு செய்தார். 'மிஸ்டர் சோரி ராயன்' என்று விளித்து அனுமதிக் கடிதம் வந்தது. கையில் ஆறு வாரம் இருந்தது. ஓர் ஆயத்தப் பிறவிக்கு ஆறு வாரம் என்பது என்ன தெரியுமா? கரும்புக் காட்டில் விட்ட யானைக்குத் தெரியும்.

முதலில் விசிட்டிங் கார்டு. விழுப்புரத்தில் அச்சகம் வைத்திருந்த அப்பாதுரையிடம் போனார்.

"ஓரத்துல புள்ளையார் போட்டுடலாமா?" என்றார் அப்பாதுரை.

"நான் கிறிஸ்டியனுங்க."

"அப்ப சிலுவை?"

"சாமியே வேணாங்க. தொழிலுக்கு ஏத்த மாதிரி எதனா போடுங்க."

போட்டார். ஆயிரம் அட்டை அடித்து முடித்து, கண்காட்சிக்கு முதல் நாள் சாயங்காலம் கையில் கொடுத்தபோதுதான் சவுரிராயன் பார்த்தார். 'கால்நடைப் பயணம்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில், திமிலும் மடியுமாக, ஒரு கொழுத்த பசு.

"என்னங்க இது?"

"கால்நடைன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? ஒரிஜினல் காங்கேயம், சார். நெட்ல தேடி எடுத்தேன்."

அது பிறகு நடந்த கதை. அதற்கு முன் வீட்டில் ஐந்து வாரம் ஒத்திகை நடந்தது. கூடமே கண்காட்சி அரங்கம். மாவு அரைக்கும் கிரைண்டர் சுவிட்சர்லாந்து, தையல் மெஷின் மலேசியா, பீரோ கேரளா. பதினோராம் வகுப்புப் படித்த மகள் சங்கவி மலேசியாவைப் பார்த்துக்கொண்டாள். மற்ற தேசங்கள் முழுவதும் ஜெயத்தின் பொறுப்பு. முப்பது விநாடியில் சொல்லி முடிக்கும்படி ஆங்கிலத்தில் ஓர் அறிமுகம் எழுதி மனப்பாடம் செய்திருந்த சவுரிராயன், கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, காலில் புது ஷூவுடன் வந்து நிற்பார்.

"குட் மார்னிங் மேடம். ஐ ஆம் சவுரிராயன்..."

"கொஞ்சம் தள்ளிக்கோங்க, சுவிட்சர்லாந்தக் கழுவணும்."

"ஜெயம், நீ இப்ப ஜெயம் கெடயாது. ஒரு நாட்டோட பிரதிநிதி."

"நாட்டுக்கு அடுப்புல கொழம்பு கொதிக்குது."

ஆனாலும் அவள் நின்றாள். கையில் மாவோடு நின்று, "வெல்கம் சார், எங்க ஊருக்கு வாங்க சார்" என்று தினமும் சொன்னாள். இவ்வளவு பாடுபட்டால் ஏதாவது ஓர் ஊர்க்காரன் நிஜமாகவே கூப்பிட்டுத் தொலைக்க மாட்டானா என்ற நப்பாசைதான்.

எண்பது நிறுவனங்களுக்குச் சந்திப்பு கேட்டு எழுதினார். ஒருவரும் பதில் போடவில்லை. அதனாலென்ன? தானே ஒரு கால அட்டவணை போட்டுக்கொண்டார். 11.00 ராஜஸ்தான், 11.15 மலேசியா, 11.30 இலங்கை, இப்படிச் சாயங்காலம்வரை பதினெட்டுச் சந்திப்பு. கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார். அட்டவணையின்படி அவர் எல்லோரையும் சந்திக்கிறார். அது மற்றவர்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

கண்காட்சி நாள் வந்தது. கதவு திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்றார். முதல் கடையில் "குட் மார்னிங்" என்று தொடங்குவதற்குள் ஒரு பெண் அவர் கையில் சாக்லேட்டையும் துண்டுப் பிரசுரத்தையும் திணித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டாள். அந்த அறிமுகத்துக்குள் யாராவது குறுக்கே சாக்லேட் கொடுக்கும் இடம் எழுதப்பட்டிருக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி சாக்லேட். மூன்றாவது கடையில்தான் ஓர் அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, "தமிழ்லேயே எழுதறீங்களா? உட்காருங்க, உங்களை மாதிரி ஆள்தான் தேவை, நாங்க எழுத்தாளர்களைக் கூட்டிட்டுப் போய்..." என்று ஆர்வமாகப் பேச ஆரம்பித்தார். சவுரிராயன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 11.45. எழுந்துவிட்டார்.

"டைம் ஓவர் சார். நேபாளம் காத்துக்கினு இருக்கும்."

நேபாளம் காத்திருக்கவில்லை. டீ குடிக்கப் போயிருந்தது.

பகல் இரண்டு மணிக்குப் புது ஷூ கடித்த இடத்தில் கொப்புளம் உடைந்தது. அட்டவணையில் அப்போது சிங்கப்பூர். நொண்டிக்கொண்டே போனவர் முடியாமல், அரங்கத்தின் கடைசி மூலையில், ஆள் வராத ஒரு சின்னக் கடையின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஏலகிரி மலையில் பண்ணை விடுதி நடத்தும் சீனுவாசனின் கடை அது. வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்த சீனுவாசன், இவர் நீட்டிய அட்டையை வாங்கினார். பசுவைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மாட்டு டாக்டருங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க! தங்க வர்றவங்க பால் கறந்து பாக்கட்டும்னு ரெண்டு மாடு வாங்கிக் கட்டினேன். அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் சாதுவா நிக்குது. கெஸ்ட்டு கிட்ட போனா உதைக்குது. போன வாரம் ஒரு ஐ.டி. பையனுக்குப் பல்லு போச்சு. ஒரே பேஜாரு."

நான் டாக்டர் இல்லை, பயண எழுத்தாளர் என்று சொல்ல சவுரிராயன் வாயைத் திறந்தார். ஆனால் கால் வலித்தது. ஷூவைக் கழற்றினார். கழற்றியதும் வேறு வார்த்தை வந்துவிட்டது.

"கெஸ்ட்டுங்க சென்ட் போட்டுக்கினு போறாங்களா?"

சீனுவாசன் யோசித்தார். "எல்லாம் மெட்ராஸ் ஆளுங்க. போடாம இருப்பாங்களா?"

"அந்த வாசனைக்குத்தான் மெரளுது. கைய சாம்பல் போட்டுக் கழுவச் சொல்லுங்க. கன்னுக்குட்டிய மாட்டுக்கு எதிர்ல கட்டுங்க. புதுசா போற ஆளு பின்பக்கமா போவக் கூடாது. மொதல்ல கழுத்தத் தடவணும், ஒரு பேர் வச்சிக் கூப்புடணும்."

காணையில் ஊரார் மாட்டையெல்லாம் மேய்த்த மனிதரின் மகன் அவர். இதற்கு அவர் எந்தக் குறிப்பும் எடுத்து வரவில்லை. அரை மணி நேரம் பேசினார். சிங்கப்பூர் போயிற்று, துபாய் போயிற்று, அட்டவணையை அவர் பார்க்கவே இல்லை. கடைசியில் சீனுவாசன் தம் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். 'குடும்பத்துடன் மூவர், இரண்டு இரவு, சாப்பாட்டுடன், எங்கள் விருந்தினர். ஏப்ரல் 30க்குள்.'

அந்த அட்டையை ஜெயம் இரண்டு முறை படித்தாள். சாப்பாட்டுடன் என்ற சொல்லை மூன்றாவது முறையும் படித்தாள்.

"எப்பங்க போறோம்?"

"கொஞ்சம் ரெடி பண்ணிக்கினு போவலாம்."

மார்ச் முழுவதும் ரெடி பண்ணினார். மலைக்கு ஏற்ற செருப்பு, டார்ச், டார்ச்சுக்கு மாற்று டார்ச், பசு உதைத்தால் முதலுதவி. ஏப்ரல் முதல் வாரத்தில் 'பண்ணை விடுதிக்குப் போகும் முன்' இரண்டாம் பாகத்தை எட்டியது. ஏப்ரல் இருபதாம் தேதி, கொண்டைஊசி வளைவில் வாந்தி வருமா என்று பார்ப்பதற்காக அவர் கூடத்தில் சங்கவியின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்ததை ஜெயம் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய், அட்டையிலிருந்த எண்ணுக்கு அவளே போன் போட்டாள்.

அந்த வாரம் சனிக்கிழமை. செஞ்சியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கூப்பிட்டாள். செஞ்சிக்கு என்ன தயாரிப்பு? சவுரிராயன் வேட்டியும் ரப்பர் செருப்புமாகப் பேருந்தில் ஏறினார். அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை வழியெல்லாம் உரித்துத் தின்றார். செஞ்சி வந்தது. எழுந்தார். ஜெயம் எழவில்லை. சங்கவி ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"எறங்கலயா?"

"உக்காருங்க. டிக்கெட்டு திருவண்ணாமலைக்கு எடுத்திருக்கு."

"அங்க என்ன?"

"அங்கேருந்து திருப்பத்தூரு. அங்கேருந்து ஏலகிரி. ஜல்தியா உக்காருங்க, சீட்டு பூடும்."

சவுரிராயன் உட்கார்ந்தார். "டார்ச்சு?" என்றார்.

"இருக்குது."

"போர்வ?"

"இருக்குது."

"என் ரத்த அழுத்த மாத்தர? பல்லு பிரஷ்ஷு? கொசுவத்தி?"

"இருக்குது. இருக்குது. இருக்குது. அக்காவுக்குன்னு சொன்ன பையிலதான். காலையில கால் மணி நேரத்துல எடுத்து வச்சேன்."

செஞ்சிக் கோட்டை கண்ணைவிட்டு மறையும்வரை கேட்டார். சேத்துப்பட்டு போகும் பாதை பிரியும் இடத்தில் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திருவண்ணாமலைவரை பார்த்துக்கொண்டே வந்தார். வாந்தி வரவில்லை.

மறுநாள் காலை ஏலகிரியில், சாம்பலில் கை கழுவி, ரப்பர் செருப்போடு மாட்டுக்கு முன்னால் போய், "தே, சிலோன்மணி" என்று ஒரு பேரைச் சொல்லிக் கழுத்தைத் தடவினார். மாடு நின்றது. இரண்டு லிட்டருக்குமேல் கறந்தார். சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகள் கை தட்டினார்கள். சங்கவி படம் எடுத்தாள். விடுதி வாசற்படியில் ஜெயம் உட்கார்ந்திருந்தாள். வேறு யாரோ போட்ட டீயை, ஆறிப்போன பிறகும், கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். "நல்லா இருக்குதா?" என்று கணவர் கேட்டார். "சக்கர கம்மி," என்றாள். "பரவால்ல. நான் போட்டதில்ல."

மனிதர் மாறிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை இரவு புதிய பதிவு வந்தது. தலைப்பு: 'திடீரென்று கிளம்புவது எப்படி? தேவையான முன்னேற்பாடுகள், பாகம் ஒன்று.'

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தக் கட்டுரை உங்கள் கையில் வந்து எத்தனை நாளாயிற்று? ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படிக்கலாம் என்று எடுத்து வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மின்விசிறியைக் குறைத்து, தலையணையை நிமிர்த்தி, பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று விரட்டி, ஒரு பென்சிலையும் கூராகச் சீவி வைத்துக்கொண்டல்லவா உட்கார்ந்தீர்கள்?

பென்சில் எதற்கு ஐயா?