செஃப்பின் சைக்கிளுக்குப் புதுச் செயின்

பொனிகன் ஊர் மேட்டில் ஏறி மிதித்தபோது செயின் அறுந்தது. குகதாசன் ஒரு காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தான். றோட்டில் செயின் நீட்டுக்குக் கிடந்தது.

சைக்கிள் அவனுடையதல்ல. இன்டர்லாக்கன் ஹோட்டல் ஒன்றில் அவன் கோப்பை கழுவுகிறான். அங்கே தலைமைச் சமையல்காரர் சுர்புக்கன். ‘நடந்தா வாறாய்?’ என்று கேட்டு, திங்கட்கிழமை தன் சைக்கிளைத் தானே உருட்டிவந்து கையில் தந்த பெரிய மனுசன். விசா நீட்ட வெளிநாட்டவர் பொலிசுக்குக் கொடுக்கும் கடிதத்தில், ‘இவன் நல்ல வேலைக்காரன், எங்களுக்கு வேண்டும்’ என்று கையெழுத்து வைக்க வேண்டியவரும் அவரேதான். கடிதம் வருகிற திங்கட்கிழமை போயாக வேண்டும். இன்று வெள்ளி.

சைக்கிளை அறை வரை உருட்டி வந்து சேர்வதற்குள் குகதாசனின் சட்டை நனைந்துவிட்டது.

“தவண்ணை, செயின் அறுந்துபோச்சு.”

“ஆற்றை சைக்கிள்?”

“செஃப்பின்ர.”

அறையில் கூட இருக்கும் தவச்செல்வன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். எண்பத்திரண்டாம் ஆண்டிலேயே இந்த நாட்டுக்கு வந்தவர். ஜெர்மன் நன்றாகத் தெரியும். மற்றதும் எல்லாம் தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

“இதுக்கேன் அழுறாய்? யாழ்ப்பாணத்திலை நான் கழட்டாத சைக்கிளோ?”

அன்றே ஓடிப்போய்ப் புதுச் செயின் வாங்கினார்கள். தவச்செல்வன் கண்ணளவில் பார்த்து, மிஞ்சியதை வெட்டி எறிந்து, பூட்டியும் விட்டார். குகதாசன் ஏறி ஒரு மிதி மிதித்தான். ‘கடக்’ என்று செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. அவனுடைய முழங்கால் ஹேண்டிலில் போய் இடித்தது. இரண்டாவது மிதி, இன்னொரு கடக், மற்ற முழங்கால்.

சனிக்கிழமை மத்தியான வேலை முடிந்ததும் மறுபடி கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் பின்சில்லின் பற்களைத் தடவிப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னார்.

“என்னவாம் அண்ணை?”

“பல்லெல்லாம் தேய்ஞ்சு கூராப் போச்சாம். புதுச் செயின் இதிலை இருக்காதாம். பிறீவீல் எண்ட அந்தப் பல்லுச்சில்லையும் சேத்து மாத்தவேணுமாம். பழசைக் கழட்ட ஒரு தனிச் சாவி வேணும், சில்லைக் கொண்டுவா எண்டுறான். சும்மா கதை! சுத்தியலும் உளியும் இருந்தாக் காணும்.”

“அண்ணை, அவையே கழட்டித் தரட்டுமே...”

“பயந்து சாகாதை, வா!”

அறையில் பின்சில்லைச் சைக்கிளிலிருந்து கழட்டிக் கிடத்தி, குகதாசன் பிடிக்க, தவச்செல்வன் அடித்தார். நாலு அடிக்கு ஒன்றும் அசையவில்லை. ஐந்தாவது அடிக்குப் பிறீவீல் திறந்துகொண்டது. கழன்று வரவில்லை, திறந்துதான் கொண்டது. உள்ளேயிருந்து கடுகளவு இரும்புக் குண்டுகள் கொட்டி, பலகைத் தரையில் சிதறி, கதவிடுக்கால் நுழைந்து, மாடிப்படியில் டிக் டிக் டிக் என்று இறங்கிப் போயின. கீழே வீட்டுக்காரி உரத்துக் கேட்டது குகதாசனுக்கு விளங்கவில்லை. விளங்காததே நல்லது என்று நினைத்தபடி, நாலுகாலில் தவழ்ந்து குண்டு பொறுக்கினான்.

“எத்தினை இருந்தது அண்ணை?”

“எண்ணிப்போட்டே அடிச்சனான்?”

பிறீவீலின் பாதி சில்லிலேயே இறுகிக் கிடந்தது. மணி மூன்றரை. நாலு மணிக்குக் கடை பூட்டினால் திங்கட்கிழமைதான் திறக்கும். குகதாசன் சில்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

கடைக்காரர் உளி பட்ட காயங்களைப் பார்த்தார். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்தார். தனிச் சாவியைப் போட்டு ஒரு திருப்புத் திருப்பினார். அரை நிமிசம்! பாதி பிறீவீல் கையோடு வந்தது. புதியதைப் பூட்டித் தந்துவிட்டு, அவன் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்த செயினை அளந்தார். இரண்டு விரலைக் காட்டித் தலையாட்டினார். இரண்டு கண்ணி குறைவு. இன்னொரு செயின் வாங்கிக்கொண்டு குகதாசன் வெளியே வர, பின்னால் கதவு பூட்டப்பட்டது.

இந்த முறை கடைக்காரர் தாளில் எழுதித் தந்த கணக்குப்படி குகதாசனே கண்ணி எண்ணி வெட்டினான். எண்ணிக்கை தவறவில்லை. சைக்கிள் சத்தமே இல்லாமல் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் வேறொரு பயம் பிடித்தது. துருப்பிடித்த சைக்கிளில் பிறீவீலும் செயினும் மட்டும் வெள்ளிபோல மினுங்கின.

“கண்டுபிடிச்சிடுவார் அண்ணை.”

“கொஞ்சம் சேறு பூசிவிடுவம்.”

“வேண்டாம். உடைஞ்சது எண்டு உண்மையைச் சொல்லுவம். நீங்கள் வந்து ஜெர்மனிலை சொல்லுங்கோ.”

செஃப்பின் வீட்டு வாசலில் தவச்செல்வன் எல்லாவற்றையும் விளக்கினார். குகதாசன் கடிதத்தை நெஞ்சோடு பிடித்தபடி நின்றான். சுர்புக்கன் குனிந்து, தன் வயிற்றுக்கு மேலால் எட்டி அந்தச் செயினைப் பார்த்தார். அவருடைய முகம் இருண்டது. ‘முடிஞ்சுது’ என்று குகதாசன் நினைத்தான். ‘இனி விமானமேற வேண்டியதுதான்.’

அப்போது அவருடைய மனைவி வெளியே வந்தாள். மிதியைச் சுற்றினாள், கியரை மாற்றினாள், ஏறி முற்றத்தை ஒரு வட்டமும் அடித்தாள். இறங்கி வந்து குகதாசனைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்து, புருசனைப் பார்த்து மளமளவென்று எதையோ சொன்னாள். சுர்புக்கன் கடிதத்தைப் பிடுங்கி, தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்து வைத்தார். குகதாசனைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

தெருவுக்கு வந்ததும் குகதாசன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“அண்ணை, மனுசி என்ன சொன்னவ?”

“அவவுக்குச் சந்தோசப் புழுகம் தாங்கேலாமக் கிடக்கு. இனிச் சைக்கிளைச் சாட்டுச் சொல்லேலாதாம், வயிறு குறைய டொக்டர் சொன்னபடி நாளையிலையிருந்து செஃப் ஒவ்வொரு நாளும் விடிய ஏரியைச் சுத்தி சைக்கிள் ஓட வேணுமாம்.”

“அப்ப செஃப் என்னைப் பாத்துச் சொன்னது?”

தவச்செல்வன் தலையைச் சொறிந்தார்.

“‘ரெண்டு வருசமா எனக்கு உடையமாட்டன் எண்ட சைக்கிளை, நீயாவது உடைப்பாய் எண்டு நம்பித்தானே தந்தனான், பாவி’ எண்டவர்.”