பேட்டரிக்கு வைத்த குளிர்ப் பரீட்சை

அன்றைக்கு எனக்கிருந்த வேலை ஒன்றுதான். கேமராவுக்கு இரண்டு பேட்டரி வாங்க வேண்டும்.

மறுநாள் ஊட்டி, அதுவும் ஜனவரியில். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் நானும் மனைவியும் சேர்ந்து நிற்கும் படம் மணமேடையில் எடுத்ததோடு சரி. "ஊட்டில ஒண்ணாவது எடுத்துடணும்" என்று சொல்லியிருந்தாள்.

திருவொற்றியூர் கடைக்கார அண்ணாச்சி இரண்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்.

நான் படித்தவன் ஆயிற்றே! "குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வினை மந்தமாகும். இது தாங்குமா?"

"சார்வாள், நம்ம கடையில ஃபேனே ஓடல. குளிர நான் எங்க போய்த் தேட?"

எனக்குத் தெரியும், எங்கே என்று. அவர் நீட்டிய விலை குறைந்ததில் இரண்டு, கூடியதில் இரண்டு வாங்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போனேன். அங்கே மீன் வைக்கும் குளிர்கிடங்கில் என் தோஸ்து கோபி வேலை பார்த்தான்.

"இன்னா நைனா, நாளிக்கு ஊட்டிக்குப் போறவன் இங்க இன்னா பண்றே?"

விளக்கினேன்.

"மீனுக்கு ஐஸ் வச்சிப் பாத்துகீறேன். பேட்டரிக்கு வக்கிற மொத ஆளு நீதான்!"

தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி நீட்டினான். மறுத்தேன். அரைக்கை சட்டையோடு உள்ளே போனேன். டார்ச்சில் மலிவு பேட்டரிகள், கையில் குறிப்பு நோட்டு.

"உள்ளே லைட்டை அணைத்துவிடு. வெளிச்சம் குறைவது துல்லியமாகத் தெரிய வேண்டும்."

"உன் இஷ்டம் மாமு" என்று அணைத்துவிட்டு, அவன் டீ குடிக்கப் போய்விட்டான்.

டார்ச் மங்கியது. குறித்துக்கொண்டேன். இன்னும் மங்கியது. அணைந்தது. நிரூபணம்!

அதைக் குறிக்கத்தான் வெளிச்சமில்லை.

விலை கூடியதை மாற்றலாமென்றால் விரல்கள் மடங்கவில்லை. இரண்டும் நழுவி வஞ்சிரப் பெட்டிகளுக்கு நடுவே உருண்டோடின. சுவரைத் தடவித் தடவி, "கோபீ! கோபீ!" என்று அலறினேன். வஞ்சிரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒருவழியாகக் கதவு திறந்தது.

"இன்னாத்துக்குக் கூவுறே? தள்னா தொறந்துக்கும். கதவுலயே எழுதிகீதே, பட்ச்சவன் தானே நீ?"

ராத்திரிக்குள் நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். மனைவி என்னைப் பார்த்தாள், டிக்கெட்டைப் பார்த்தாள், தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் அண்ணாச்சி முதலில் நீட்டிய அதே பேட்டரியை வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தாறு படமும் பளிச்சென்று வந்தன. ஒன்றில், பக்கத்தில் ஓர் ஆள் நிற்குமளவு இடம் விட்டு நிற்கிறாள்.

பேட்டரி ஊட்டிக் குளிரைத் தாங்கிற்று. பரீட்சையில் தோற்றது அதைப் பிடித்திருந்த ஆள்தான்.