ஆயுத பூசையன்று முறிந்த போல்ட்

பழைய கார் தனியாக நிற்கும்போது கெட்டுப்போகாது. சுற்றிலும் நாலு பேர் கூடி, அவர்களில் நம்மைக் கண்டாலே ஆகாத ஒருவர் முன்வரிசையில் நின்றால்தான் அதற்குக் கெட்டுப்போகவே மனசு வரும். என் கார் அதற்கு ஆயுத பூசை நாளைத் தேர்ந்தெடுத்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்த கதை. புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் டீச்சராக இருந்தேன். வீடு வைத்திக்குப்பத்தை ஒட்டி. கடற்காற்றில் கதவுக் கீல்கூடத் துருப்பிடிக்கும் இடம். அங்கே என் சம்பளத்தில், பலர் கை மாறி வந்த ஒரு சின்ன காரை வாங்கி நிறுத்தியிருந்தேன். என் கணவருக்கு ஸ்டியரிங்கைப் பார்த்தாலே வியர்த்துவிடும், அதனால் ஓட்டுவது நான்தான். (வகுப்பில் நெம்புகோல் தத்துவம் நடத்துகிறவளாயிற்றே, தேவைப்பட்டால் மெக்கானிக்கும் நான்தான் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. கார் வாங்கிய ஜோரில் வாங்கிய ஸ்பேனர் செட்டை அதுவரை பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.)

அன்று மத்தியானம் காருக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் அத்தை, என் மாமியார். தெருவே வாசலில் நின்றது. தவளக்குப்பத்திலிருந்து நாத்தனாரும் அவர் கணவரும் வந்திருந்தார்கள். அந்த அண்ணனுக்கு என் கார் மேல் ஆரம்பத்திலிருந்தே எரிச்சல். பொம்பளை ஓட்டும் வண்டியில் ஏறுவதில்லை என்று சபதம் போட்டு, எப்போதும் பஸ்ஸில்தான் வந்துபோவார்.

அவர் பார்க்கிறார் என்ற மிதப்பில் கிளட்சை வெடுக்கென்று விட்டேன். கார் பழங்களை நசுக்கிய கையோடு வாசல் சறுக்கிலிருந்து ஒரு துள்ளுத் துள்ளி ரோட்டில் விழுந்தது. டணார்!

குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்தின் ஷாக் அப்சார்பரைக் கீழே பிடித்திருந்த போல்ட் முறிந்து, ஷாக் அப்சார்பர் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"எலுமிச்சம்பழத்தையே தாங்காத வண்டி," என்றார் அண்ணன். "நாளைக்குக் காலைல காயலாங்கடைக்காரன இட்டாறேன். எடைக்குப் போட்டுடலாம்."

என் கணவர் தலையை ஆட்டினார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"நீங்க வர்றதுக்குள்ள நானே ரிப்பேர் பண்ணிடுவேண்ணே. இதே வண்டில உங்கள தவளக்குப்பத்துல கொண்டுபோய் விடுறேன். முடியலன்னா நானே எடைத்தட்டுல ஏத்தி விட்டுடுறேன்."

சொல்லிவிட்டு நேரே மெக்கானிக்கைத் தேடி ஓடினேன். ஊரில் உள்ள ஒர்க்‌ஷாப் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு பூட்டிக் கிடந்தன. போன இடமெல்லாம் பொரிப் பொட்டலம் கிடைத்தது, மெக்கானிக் கிடைக்கவில்லை. சரி, நம் ஸ்பேனர் இருக்கிறதே என்று வீட்டுக்கு ஓடினேன். அது அத்தையின் பூசையில், அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே ஜாக்கி.

"பூசையில வெச்சதத் தொடக்கூடாது. நாளைக்கு மறுபூசை முடியட்டும்," என்றார் அத்தை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு முசியே நினைவுக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர், அதனால் தெருவுக்கே அவர் முசியே. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வீட்டில் ஏது ஆயுத பூசை? துள்ளிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"டூல்ஸ் பெட்டியா மதாம்? அது உங்க மாமியார் பூசையிலதான இருக்கு!" என்றார். "வருசா வருசம் குடுத்து வுடுறேன். ஒரு பொட்டு வெச்சதுக்கெல்லாம் ஏசு கோச்சுக்க மாட்டாரு. ஸ்குரூ டிரைவரும் நல்லா வேல செய்யிது."

ஆக, தெருவிலுள்ள அத்தனை ஆயுதமும் எங்கள் வீட்டில்தான், ஒன்றையும் தொட முடியாது. நான் முழித்த முழியைப் பார்த்து மனமிரங்கி, தன் பழைய காரைக் கழித்தபோது எடுத்துவைத்த போல்ட்டுகளில் அளவான ஒன்றைத் தேடிக் கொடுத்தார். போல்ட் ஆயுதத்தில் சேருமா என்று அத்தையிடம் கேட்டேன்.

யோசித்துவிட்டு, "அது சாமான். ஆயுதமில்ல," என்றார். மண்ணெண்ணெய்க்கும் அதே தீர்ப்பு. உடனே ஒரு குப்பியோடு காருக்கடியில் படுத்து, துருவேறி இறுகிக் கிடந்த முறிந்த துண்டின் மேல் ஊற்றினேன். பாதி அதற்கும் பாதி என் தலைக்கும் போயிற்று.

மறுநாள் விடியும்போது மணிச்சத்தம் கேட்டு எழுந்தேன். அத்தை குளித்து, விளக்கேற்றி, மறுபூசையையே முடித்துவிட்டிருந்தார்.

"எடு ஸ்பேனர."

"இவ்ளோ சீக்கிரமாவா அத்தை?"

"எடைக்குப் போடுவாராமே மாப்ள! அவரா என்னைய கோயிலுக்கும் பீச்சுக்கும் இட்டுக்கினு போறாரு?"

அந்தக் காரால் இந்த வீட்டில் எனக்கு ஒரு கட்சி இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

ஜாக்கி வைத்தேன், செங்கல் முட்டுக் கொடுத்தேன், வியர்வை ஆறாக ஓட சக்கரத்தைக் கழற்றி, போல்ட்டையும் பாதி திருகி எடுத்தேன். டார்ச் பிடித்திருந்த அத்தை உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏண்டி, இந்த போல்ட்டு முழுசால்ல இருக்கு?"

நல்ல பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றியிருந்தேன். (கால் நீட்டி மல்லாந்து படுத்தால் இடம் வலம் மாறும். இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.) பிடுங்கித் தின்ற அவமானத்திலும் ஒரு லாபம். வாஷர் எங்கே, எப்படி உட்கார வேண்டும் என்று கண்ணால் பார்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டு அடுத்த பக்கம் போனேன்.

முறிந்த துண்டு அசையவில்லை. அத்தை ஒரு கம்பியை அதன்மேல் வைத்துப் பிடிக்க, நான் சுத்தியலால் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் "முருகா!" என்றார். ஒரு அடி என் கட்டைவிரலில் விழுந்தது, அதற்கும் முருகாதான். அடுத்த அடியில் துண்டு விடுபட்டுச் சாக்கடையில் போய் விழுந்தது. முசியே மதில்மேல் எட்டிப் பார்த்து, "பிராவோ!" என்று கத்தினார்.

புது போல்ட் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. முறுக்கத்தான் என் கைக்கு வலு போதவில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு பழைய தண்ணீர்க் குழாயைச் செருகி நீளமாக்கி அழுத்தினேன். நெம்புகோல் தத்துவம் என் வாழ்க்கையில் மதிப்பெண் தவிர வேறு எதையும் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அண்ணன் காயலாங்கடைக்காரரோடு வந்தபோது, தலையெல்லாம் மண்ணெண்ணெயும் முகமெல்லாம் கிரீசுமாக ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் பட்டுப்புடவையோடு அத்தை.

"மாப்ள, பின்னாடி ஏறுங்க," என்றார்.

மாமியார் சொல்லைத் தட்ட முடியாமல் சபதத்தை விட்டுவிட்டு ஏறினார். தனக்கும் அந்தப் பக்கம்தான் வேலை என்று காயலாங்கடைக்காரரும் ஏறிக்கொண்டார். கடலூர் ரோட்டில் வந்த எந்த வேகத்தடையையும் நான் விடவில்லை. காரிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. தவளக்குப்பத்தில் இறங்கும்போது காயலாங்கடைக்காரர், "இது எடைக்குப் போடுற வண்டி இல்ல சார்," என்றார். அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

அடுத்த ஆயுத பூசையில் அத்தை ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்துவிட்டு, என்னைப் பிடித்து அந்த வரிசையில் உட்காரவைத்து என் நெற்றியிலும் சந்தனம் குங்குமம் அப்பினார். "வீட்டுல இருக்கிறதுலயே பெரிய ஆயுதம் இதுதான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சட்டத்தை எடுத்துவைத்தேன்: பூசையில் வைத்த ஆயுதத்தை மறுபூசை வரை யாரும் வேலைக்கு எடுக்கக்கூடாது. அன்றிலிருந்து வருடா வருடம் நான் பொட்டோடு கால் நீட்டிப் படுத்திருக்கிறேன், சமையல் என் கணவர். அரிவாள்மணையும் பூசையில் இருப்பதால், பாவம், வெண்டைக்காயைக் கையால் ஒடித்துத்தான் குழம்பில் போடுகிறார்.