தவமலருக்குப் போட்ட பாதையில் நான் இறங்கிய விதம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. (நான்தான் அதைக் கைவிட்டேன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.) இருந்தும் எங்கள் ஊர் முள்ளியவளையில் கண்ணில் படும் இரும்பில் பாதி என் கைபட்டது. போர் முடிந்து மீள்குடியேறி வந்தபோது என்னிடம் இருந்தது இரும்பு ஒட்டுகிற ஒரு பழைய இயந்திரம், அதுவும் அடிக்கடி மின்னதிர்ச்சி கொடுக்கும். அதை வைத்துக் கோயில் கேற்றுகள் செய்தேன். தண்ணீர்த் தாங்கிகளுக்குக் கால் வைத்தேன். யானை முட்டிச் சப்பளிந்த உழவு இயந்திரப் பெட்டியை நிமிர்த்தினேன். ஒன்றுக்கும் அளவு நாடா பிடித்ததில்லை. என் கண்தான் நாடா. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கண் என்னைக் கவிழ்த்த கதை இது.

என் மனைவியின் தங்கை தவமலர் தையல்காரி. போரில் செல் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழே வேலை செய்யாது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடை முழுவதையும் தைக்கிறவள். வாய் கத்தரிக்கோலைவிடக் கூர்மை. கோயில் திருவிழாவுக்குக் கார்னிவேல் வந்து பெரிய ராட்டினம் பூட்டினார்கள். தவமலர் ஏறவேண்டும் என்றாள். உடனே நாலு பேர் ஓடி வந்தார்கள், தூக்கி வைக்க. எங்கள் சனம் அப்படித்தான். சக்கர நாற்காலியைக் கண்டால் கேட்காமலே தூக்கிவிடும். பஸ்ஸில், வங்கிப் படியில், கலியாண மண்டபத்தில் என்று அவளை எல்லோரும் தூக்கியிருக்கிறார்கள்.

அவள் கையை நீட்டி மறித்தாள்.

"ஆரும் தூக்கவேண்டாம். மூட்டை மாதிரி ஏத்தி இறக்கினது காணும். அந்த மேடைக்கு என்ரை கதிரை போனால், ஆசனத்துக்கு நானே மாறுவன். போகாட்டி நான் ஏறேல்லை."

ராட்டினத்தில் ஏறுகிற மேடை மூன்றடி உயரம். ராட்டினக்காரர் ஹனீபா நானா தலையைச் சொறிந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். நாளைக்குப் பின்னேரம் சரிவுப் பாதை இருக்கும் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

தவமலர் என்னைப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போனபோது சொல்லித் தந்தார்கள் என்றாள். நான் சிரித்தேன். எத்தனை லான்ட்மாஸ்டரை லொறியில் ஏற்றியிருக்கிறேன்! ஆறடிப் பலகை போதாதா? இரண்டு சில்லு உழவு இயந்திரமே ஏறுகிற சரிவில் ஒரு கதிரை ஏறாதா?

(லான்ட்மாஸ்டருக்கு எஞ்சின் இருக்கிறது. அந்த விஷயம் எனக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது.)

மறுநாள் ஆறடிப் பாதையைக் கொண்டுபோய் வைத்தேன். நல்ல கெட்டியான வேலை. அதில் இன்றைக்கும் குறை சொல்ல முடியாது. தவமலர் ஒருதரம் பார்த்தாள்.

"அத்தான், இது பாதையில்லை. ஏணி."

சனம் சிரித்தது. எனக்குச் சூடேறிவிட்டது. அவளை ஒரு பிளாஸ்டிக் கதிரைக்கு மாறச் சொல்லி, அவளுடைய சக்கர நாற்காலியில் நானே ஏறி அமர்ந்தேன். யாரும் தள்ளக்கூடாது என்று உத்தரவும் போட்டேன். புது வெள்ளை வேட்டி வேறு.

பாதி தூரம் ஏறினேன். உண்மையாக ஏறினேன், சாட்சி உண்டு. அங்கே கை ஓய்ந்தது. மீசையைத் தடவினால் ஒரு கம்பீரம் வரும் என்று நினைத்துச் சில்லில் இருந்து கையை எடுத்தேன்.

பின்னோக்கிப் போகும்போது உலகம் மிகவும் அமைதியாக இருக்கிறது. முகங்கள் சிறுத்துக்கொண்டே போகின்றன. மனைவி வாயில் கை வைப்பது தெரிந்தது. அடுத்துத் தும்புமுட்டாஸ்காரரின் பஞ்சுமிட்டாய் வண்டிலில் மோதினேன். அரைவாசி உடம்பு ரோஸ் நிறச் சீனிப் பஞ்சுக்குள், மிச்சம் மண்ணில். நாலு பேர் ஓடி வந்து கேட்காமலே என்னைத் தூக்கினார்கள். விடுங்கோ, விடுங்கோ என்று கத்தினேன். ஒருத்தரும் விடவில்லை.

தவமலர் சிரிக்கவில்லை. நாற்காலியின் முன்சில்லு வளைந்து கிடந்தது.

"அத்தான், அது கதிரையில்லை. என்ரை கால்."

மீசையில் அப்பிய தும்புமுட்டாஸைத் துடைத்தேன். நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய், ஒரு மணித்தியாலத்தில் சில்லை நிமிர்த்திக் கொண்டுவந்து கொடுத்தேன். அதற்குள் அவள் தையல் நாடாவை மடியில் வைத்து, ஹனீபா நானாவை மண்ணில் கோடு போட வைத்திருந்தாள். முப்பத்தாறு அடிக்கு நேராக இடமில்லை. பாவாடைக்கு மடிப்பு வைப்பதுபோலப் பாதையை மூன்றாக மடித்திருந்தாள். திரும்பும் இடங்களில் நாற்காலி நின்று மூச்சு விடச் சமதளம்.

"இப்ப ஒட்டுங்கோ. கண்ணாலை இல்லை, நாடாவாலை."

ஒட்டினேன். அடுத்த நாள் நாலு மணிக்கு அவள் தன் கையாலே சில்லை உருட்டிக்கொண்டு, மூன்று மடிப்பும் ஏறி, மேடையில் நாற்காலியை நிறுத்தி, ஆசனத்துக்குத் தானே மாறினாள். ராட்டினம் சுற்றியது. அவளுடைய ஆசனம் உச்சியில் நின்றபோது பயமா என்று கீழேயிருந்து கேட்டேன்.

"இல்லை அத்தான். உங்கடை பட்டறைக் கூரைத் தகரம் தெரியுது. முழுக்கக் கறள் பிடிச்சுக் கிடக்கு."

இப்போது ஹனீபா நானா ராட்டினத்தோடு அந்தப் பாதையையும் கழற்றி ஊரூராகக் கொண்டு போகிறார். வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொல்லத் தொடங்கினால், "நாடா எடுக்கட்டோ?" என்று மனைவி கேட்கிறாள். பேரப்பிள்ளைகளும் கேட்கப் பழகிவிட்டார்கள். அது போகட்டும். போன மாதம் ஓமந்தையில் பார்த்தேன்: பாதைக்கு நீல வர்ணம் அடித்து, 'தவமலர் அக்கா அளந்த பாதை' என்று பலகை மாட்டியிருக்கிறார். நியாயம். அளந்தது அவள்தான். ஆனால் பலகையின் கீழே நாலு விரல் இடம் சும்மா கிடக்கிறது. ஒட்டியவர் பெயர் அங்கே வரவேண்டும். பெயரோடு, 'முதலில் விழுந்து பார்த்தவரும் இவரே' என்றும் எழுதவேண்டும். அந்த வேலைக்கு ஊரில் வேறு ஒருவரும் முன்வரவில்லை.