காத்திருப்போர் தரும் கதகதப்பு

ஐரோப்பாவின் கட்டடங்கள் இனி வெப்பத்தை வீணாக்கலாகாது என்று மேலிடத்தில் முடிவானபோது, போலந்தின் அந்தச் சிறு நகரமும் கடமை தவறவில்லை. கட்டட வெப்பத்திறன் மேம்பாட்டு அலுவலகம் ஒன்றைத் திறந்து, ஜெனோன் வில்க் என்பவரை அதிகாரியாக அமர்த்தியது.

வில்க் முதலில் சோதனையிட்டது போகுமிலாவின் வீட்டை. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. அவர் சுவரைத் தட்டினார், ஜன்னல் இடுக்கில் விரலை விட்டார், நிலக்கரி அடுப்பைப் பார்த்து முகம் சுளித்தார்.

"வெப்பத்திறன்ல உங்க வீடு கடைசித் தரம்மா. அடுப்பைக் கழட்டுங்க. அடுப்பு இல்லாத வீட்டுக்குத்தான் புது வெப்ப இயந்திரம் வைக்க அனுமதி."

"அனுமதி எப்ப வரும்?"

"பரிசீலனை முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்?"

"அனுமதி வந்ததும் தெரிஞ்சுடும்."

அடுப்பு போயிற்று. பனி வந்தது. பரிசீலனை மட்டும் வந்தபாடில்லை. செத்துப்போன புருஷனின் கோட்டைத் தன் கோட்டின்மேல் போட்டுக்கொண்டு தூங்கினாள். ஒரு காலையில் உறைந்துபோன பீட்ரூட் சூப்பில் கரண்டி நட்ட கம்பம்போல் நின்றது. சட்டியோடு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள், நியாயம் கேட்க.

காத்திருப்போர் கூடத்துக்குள் நுழைந்ததும் கேட்க வந்தது மறந்துபோனது. அப்படி ஒரு சூடு! குமாஸ்தாக்கள் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கசாப்புக்கடை இரெக் பெஞ்சில் சாய்ந்திருந்தான்.

"உன் அடுப்பும் போச்சா?"

"எப்பவோ போச்சு. வா, இந்த மூலைதான் சுகம். சூப்பு கொண்டாந்தியா?"

மறுநாளும் வந்தாள். மெல்ல மெல்லத் தெருவே வந்தது. சீட்டாடினார்கள், பின்னினார்கள், கூடத்திலேயே ஒரு நிச்சயதார்த்தமும் நடந்தது.

ஒருநாள் உதவியாளன் வில்க்கின் அறைக்கு ஓடிவந்தான். "ஐயா, ஆபீசைச் சூடாக்குற நம்ம கொதிகலன் பழுதாகி ஒரு வாரமாச்சு!"

"இங்க குளிரலையே?"

இருவரும் கூடத்தை எட்டிப் பார்த்தார்கள். தோளோடு தோளாகத் தெருவே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

அன்றே சுற்றறிக்கை வெளியாயிற்று: விண்ணப்பதாரரின் உடல்வெப்பம், தினமும் காலையில் தானே திரும்பி வருவதால், புதுப்பிக்கத்தக்க ஆற்றலாகக் கருதப்படும். கொதிகலனைக் கழற்றினார்கள். அலுவலகத்துக்கு முதல் தரம். அடுப்பும் போய், பகலெல்லாம் ஆளும் இல்லாத வீடுகளில் எரிபொருளே செலவாகவில்லையாதலால் அவற்றுக்கும் முதல் தரம். பல நாட்டுப் பிரதிநிதிகள் வந்து, கூடத்தின் கதகதப்பில் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு, பதக்கம் கொடுத்துப் போனார்கள்.

இந்நிலையில், வேலைக்குப் புதிதாக வந்த குமாஸ்தா ஒருத்தி விவரம் தெரியாமல் போகுமிலாவின் விண்ணப்பத்துக்கு அனுமதி வழங்கிவிட்டாள்.

வில்க் பதறி ஓடிவந்தார். "அம்மா, உங்க வீடு இப்ப முதல் தரம். இயந்திரம் வெச்சா மின்சாரம் செலவாகும், தரம் இறங்கும். ஐரோப்பாவையே பின்னுக்கு இழுக்கப்போறீங்களா?"

"என் வீட்டுல நான் இருக்கணும்யா!"

"சரி, ஜனநாயக நாடு. கூடமே முடிவு பண்ணட்டும். இந்தம்மா போனா அரை டிகிரி குறையும். போகக்கூடாதுங்கறவங்க கை தூக்குங்க."

போகுமிலா நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் அவள் சூப்பைக் குடித்த ஜனம்தானே?

முதலில் எழுந்தது இரெக்கின் கை.

"டேய் இரெக்!"

"கோவிக்காதே. நீ போனா மூலை ஜில்லுனு ஆயிடும். எங்களையும் கொஞ்சம் நினைச்சுப் பாரேன்."

"சுயநலம் பிடிச்சவ," என்று யாரோ முணுமுணுத்தார்கள். கூடம் முழுக்கக் கைகள். அனுமதி ரத்தாயிற்று. வில்க் அவளோடு கைகுலுக்கினார். அவள் அழுதுகொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கால் விறைத்துப்போகும் என்று தோன்றவே அசையவில்லை.

அடுத்த வாரம் இரெக்குக்கு அனுமதி கிடைத்தது. அவன் எழுந்து நிற்பதற்குள்ளேயே, போகுமிலா இரண்டு கைகளையும் தூக்கிவிட்டாள்.